உயிர்மீட்புப் பணியில் சிறந்தோரை அறியும் முறை

சுதந்திர தின விழாவிலும் குடியரசு தின விழாவிலும் சிறந்த பணியாளர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்குவது நம் மாவட்டங்களில் நெடுநாளைய வழக்கம். அதற்குரிய பெயர்களைப் பரிந்துரை செய்யும் பொறுப்பு பல சமயங்களில் களப்பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் வந்தடைகிறது. சிறந்த உழவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்று கணக்கிடலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் உழைக்கும் ஒரு செவிலியரையோ, டாக்டரையோ, ஆம்புலன்ஸ் பணியாளரையோ எதைக்கொண்டு அளப்பது?

‘எத்தனை பேரைப் பிழைக்க வைத்தார்?’ என்ற கேள்வியே உடனே எழும். அக்கேள்வி பிழையானதன்று, ஆனால் அது பாதிக் கேள்வியே ஆகும். மற்றப் பாதியை விட்டுவிட்டுப் பாராட்டு வழங்கினால் நன்மைக்குப் பதிலாகத் தீமையும் விளையக்கூடும். இதனைத் திருவனந்தபுரத்திலும் கேரளத்தின் பிற பகுதிகளிலும், சில இடங்களில் வெளிநாடுகளிலும், நிகழ்ந்தவற்றைக்கொண்டு இங்கு ஆராய்வோம்.

உயிர்மீட்பு என்பது யாது?

இதயம் திடீரென நின்றுவிட்டால் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. சுமார் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளையின் உயிரணுக்கள் கெடத் தொடங்குகின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குள் மார்பின் நடுவே கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தை ஓரளவேனும் நடத்துவதே உயிர்மீட்பின் முதற்படி. இதனைச் சி.பி.ஆர். என்று வழங்குவர். டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவியால் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்துவது அடுத்த படி. மார்பை அழுத்தாமல் வாளாவிருந்தால், மின்னதிர்ச்சி தருவதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துகொண்டே போகிறது.

இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கேற்ற உயிர்மீட்பு நெறிமுறைகளை வெளியிட்டது. வயது வந்தவருக்கு மார்பெலும்பை ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பயிற்சி பெறாத பொதுமக்கள் மார்பை அழுத்துவதை மட்டும் செய்தாலே போதும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது.

இவ்வேலை தனியொருவர் செய்து முடிப்பதன்று. திருவனந்தபுரத்தின் ஒரு தெருவில் ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகில் நின்றவர் 108 என்ற எண்ணை அழைக்கிறார். மற்றொருவர் மார்பை அழுத்தத் தொடங்குகிறார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நெரிசலில் வழி கண்டு வந்து சேருகிறார். உடன் வந்த பணியாளர் பிராணவாயு அளிக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர் ஊசிமருந்தை ஆயத்தமாக வைத்திருக்கிறார். அதன் பின்னரே டாக்டரின் முறை வருகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றக் கண்ணிகளின் திறமை வீணாகும். நோயாளி பிழைத்தால் கடைசிக் கண்ணியாகிய டாக்டரின் பெயரே செய்தித்தாளில் இடம்பெறும். முதற் கண்ணியாக இருந்தவரை எவரும் அறியார்.

ஒரு கண்டுபிடிப்பும் ஒரு விருதும்

மார்பை வெளியிலிருந்து அழுத்தும் முறை எவ்வாறு தோன்றியது என்பதே இதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோவன்ஹோவன் என்ற முதிய மின்பொறியியல் பேராசிரியர் மின்னதிர்ச்சிக் கருவியை ஆராய்ந்துவந்தார். அவரிடம் பயின்ற கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் 1958ஆம் ஆண்டில் ஒரு நாயை வைத்துச் சோதனை செய்தபொழுது, கருவியின் தகடுகளை மார்பின் மீது அழுத்தியதும், மின்சாரம் பாயுமுன்பே, இரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கண்டார். ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவர் அதனை மனிதரிடம் பயன்படுத்த வழி கண்டார். மூவரும் சேர்ந்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இன்றைய மார்பழுத்தல் முறைக்கு அடிப்படை. 1973ஆம் ஆண்டில் புகழ்பெற்ற லாஸ்கர் விருது இப்பணிக்காகக் கோவன்ஹோவனுக்கு வழங்கப்பெற்றது.

பேராசிரியர் அவ்விருதுக்குத் தகுதியுடையவரே. ஆயினும் முதலில் கண்டவர் மாணவர். மனிதரிடம் கொண்டுசேர்த்தவர் அறுவை மருத்துவர். ஒரு குழுவின் சாதனைக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுத நேரும்பொழுது எவ்வளவு விடுபட்டுப் போகிறது என்பதை இதனால் உணரலாம்.

முயற்சிக்கும் பரிசு உண்டு

உயிர்மீட்புக்குப் பரிசளிக்கும் வழக்கம் இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது. நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்கென 1767ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அதனைப் பின்பற்றி 1774ஆம் ஆண்டில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரு மருத்துவர்கள் லண்டனில் ஒரு சங்கம் அமைத்தனர். பிற்காலத்தில் ராயல் ஹியூமேன் சங்கம் எனப் பெயர் பெற்றது அதுவே.

அச்சங்கம் வகுத்த பரிசுமுறை கருதத்தக்கது. மூழ்கியவரைப் பிழைக்க வைத்தவருக்கு நான்கு கினி. முயன்றும் பிழைக்க வைக்க இயலாதவருக்கு இரண்டு கினி. உடலைத் தம் வீட்டில் கிடத்திச் சிகிச்சை செய்ய இடங்கொடுத்தவருக்கு ஒரு கினி. முயற்சிக்கே பரிசு கிட்டியபடியால், ‘இறந்துவிட்டார்’ என்று கருதிக் கைவிடும் பழக்கம் குறைய வழி பிறந்தது. இடங்கொடுத்தவரும் சங்கிலியில் ஒரு கண்ணியாக மதிக்கப்பெற்றார்.

எனினும் ஒரு கேடும் விளைந்தது. பரிசுப் பணத்தைப் பெறுவதற்காகச் சிலர் மூழ்கியது போலவும் மீட்டது போலவும் நடிக்கலாயினர். ஆகவே சங்கம் பணத்தை நிறுத்திப் பதக்கமும் சான்றிதழும் வழங்கத் தொடங்கியது. முயற்சியைப் போற்றுதல் வேண்டும்; அம்முயற்சி உண்மையில் நடந்ததா, முறைப்படி நடந்ததா என்பதற்குச் சான்றும் வேண்டும். இவ்விரண்டும் அன்று கற்ற பாடங்கள்.

நம் நாட்டுப் பதக்கங்களும் ஒரு செவிலியரும்

இந்தியாவில் மருத்துவத் துறையினருக்கெனப் பல விருதுகள் உள்ளன. டாக்டர் பி. சி. ராய் பெயரால் 1962ஆம் ஆண்டிலும், செவிலியருக்கெனப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் 1973ஆம் ஆண்டிலும் தேசிய விருதுகள் ஏற்படுத்தப்பெற்றன. பிறர் உயிரைக் காத்தவருக்கு வழங்கும் ஜீவன் ரக்ஷா பதக்கம் 1961ஆம் ஆண்டில் தோன்றியது. இராணுவம், போலீஸ், தீயணைப்புப் படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தம் கடமைக்குப் புறம்பாகச் செய்த செயலுக்கே இப்பதக்கத்தைப் பெறலாம் என்பது விதி. இவ்விதியில் ஒரு கடினமான வினா அடங்கியுள்ளது. உயிர் காப்பதே அன்றாடக் கடமையாக உள்ளவரிடத்தில் ‘கடமையினும் மேலானது’ எது?

இதற்கு ஒரு விடை கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையிலிருந்து கிடைத்தது. அங்குச் செவிலியராகப் பணியாற்றிய லினி புதுச்சேரி, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கடுங்காய்ச்சலுடன் வந்த நோயாளிக்குப் பணிவிடை செய்தார். அது நிப்பா வைரஸ் நோய் என்பது அப்பொழுது தெரிந்திருக்கவில்லை. நோய் அவரையும் பற்றியது. மே 21ஆம் நாள் அவர் மறைந்தார். கேரள அரசு அவர் பெயரால் சிறந்த செவிலியருக்கான விருதை ஏற்படுத்தியது. 2019ஆம் ஆண்டில் தேசிய நைட்டிங்கேல் விருதும் அவர் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பெற்றது.

அவரைப் போற்றாதார் இல்லை. ஆயினும் அவரது நினைவைப் போற்றுவோர் அவர் செய்ததையும் அறிதல் வேண்டும். காய்ச்சல் நோயாளியின் அருகிருந்து அவர் செய்தது ஒவ்வோர் இரவுப் பணியிலும் செவிலியர் செய்யும் வேலையே. அன்று நேர்ந்த ஆபத்தே அதனை உலகுக்குக் காட்டிற்று. ஆபத்து நேராத இரவுகளில் அதே வேலையைச் செய்பவர்களும் பாராட்டுக்கு உரியவர்களே. உயிரைக் கொடுத்தவருக்கு விருது அளிப்பதுடன், உயிரைக் கொடுக்க நேராதவாறு கையுறை, முகக்கவசம், நோய்த்தடுப்புப் பயிற்சி ஆகியவற்றை அளிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

கண்ணுக்குப் புலப்படாத கைகள்

108 ஆம்புலன்ஸ் சேவை 2005ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் தொடங்கியது. கேரளத்தில் அது 2010ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டில் ‘கனிவு 108’ என்ற பெயருடன் மாநிலம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநரும், அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற பணியாளரும் உள்ளனர். நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைத்தவுடன் அவர்கள் அடுத்த அழைப்பிற்குச் சென்றுவிடுகின்றனர். தாம் கொண்டுவந்தவர் பிழைத்தாரா என்பதைக்கூட அவர்கள் பல சமயங்களில் அறிவதில்லை. அச்செய்தியை அவர்களுக்குத் தெரிவிப்பதே ஒரு பாராட்டு, செலவில்லாத பாராட்டு.

அவர்களையும்விட மறைவாக இருப்போர் உண்டு. மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் திருவனந்தபுரத்தில் உள்ளது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் அதனை முதல் இயக்குநராக இருந்து வளர்த்தவர். அந்நிலையம் செய்த செயற்கை இதய வால்வு 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது. அவருக்கு 2005ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

வால்வைப் பற்றிப் பலர் அறிவர். அந்நிலையத்தார் உருவாக்கிய பிளாஸ்டிக் இரத்தப் பையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. முன்பு இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டிகளில் சேகரித்தனர். புட்டி உடையும், எடுத்துச் செல்வது கடினம், இரத்தத்தின் கூறுகளைப் பிரித்தெடுப்பதும் அரிது. பை வந்தபின் சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் தட்டணுக்களையும் பிரித்து, வேண்டியவருக்கு வேண்டியதை மட்டும் ஏற்ற இயன்றது. அந்நகரிலேயே தொழிற்சாலையும் அமைந்தது. பிரசவத்தில் இரத்தம் பெருகி உயிருக்குப் போராடும் தாய் பிழைக்கிறாள் என்றால், அதில் பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் உழைத்தவரின் பங்கும் உண்டு.

எண்களின் மயக்கம்

பிழைத்தோர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு தீர்மானித்தால் என்ன நேரும்? இதற்குக் கேரளத்திலேயே தக்க ஆராய்ச்சிச் சான்று உள்ளது. 2014 முதல் 2016 வரை கேரளத்தின் 63 மருத்துவமனைகளில், மாரடைப்பு முதலிய கடுமையான இதய நோயுடன் வந்த 21,374 பேரைக்கொண்டு ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. செய்ய வேண்டியவற்றின் பட்டியல், சிகிச்சைக் குறிப்புப் படிவம், பயிற்சி ஆகியவை அடங்கிய தொகுப்பு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் முறைவைத்து வழங்கப்பெற்றது. முடிவுகள் 2018ஆம் ஆண்டில் வெளியாயின.

தொகுப்பு வருமுன் முப்பது நாள்களுக்குள் மரணம் முதலிய கடுமையான விளைவுகளுக்கு உள்ளானோர் நூற்றுக்கு 6.4 பேர், வந்தபின் 5.3 பேர். இதனை மேலோட்டமாகப் பார்ப்பவர் ‘பெருவெற்றி’ என்று விழா எடுத்துவிடுவர். ஆனால் காலப்போக்கில் எவ்வாறாயினும் ஏற்பட்டிருக்கக்கூடிய முன்னேற்றத்தைக் கழித்துக் கணக்கிட்டபொழுது, எஞ்சிய வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. அதே சமயம், நோயாளிகளுக்கு உரிய மருந்துகள் கிடைப்பது மிகுந்திருந்தது.

இதனால் அறிவது யாது? எண் குறைந்தது என்பதற்காக ஒருவரைப் புகழ்வதும், எண் குறையவில்லை என்பதற்காக ஒருவரை இகழ்வதும் ஆராய்ச்சிக்கு ஒவ்வா. தொலைவிலுள்ள மலைப்பகுதியிலிருந்து பிந்தி வரும் நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையில் மரணங்கள் மிகுதியாகவே இருக்கும். அங்குள்ளவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று கூற இயலுமா? பரிசு எண்ணுக்கே என்று அறிவித்துவிட்டால், கடினமான நோயாளியை வேறிடத்திற்கு அனுப்பிவிடும் எண்ணம் தோன்றும். மரணத்தைக் குறிப்பேட்டில் மழுப்பி எழுதும் ஆசையும் பிறக்கும். அப்பொழுது பரிசே நோயாளிக்குப் பகையாகிவிடும்.

மறைக்காமல் கூறும் துணிவு

இதற்கு நேர்மாறான வழியையும் கேரளம் காட்டியுள்ளது. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, மாநில அரசின் ஆதரவுடன், 2004ஆம் ஆண்டில் தாய்மார் மரணங்களைப் பற்றிய இரகசிய ஆய்வைத் தொடங்கியது. ஒரு தாய் இறந்தால் அவரது பெயரும், சிகிச்சை செய்தவர் பெயரும், மருத்துவமனையின் பெயரும் நீக்கப்பெற்று, நிகழ்ச்சிக் குறிப்பு மட்டும் வல்லுநர் குழுவிடம் செல்லும். ‘யார் செய்த தவறு?’ என்று கேளாமல், ‘எந்தப் படியில் காலம் கடந்தது? அடுத்த தாயைக் காக்க என்ன செய்யலாம்?’ என்று குழுவினர் கேட்டனர். பிரசவத்தின்பின் இரத்தப்பெருக்கும் இரத்தக் கொதிப்பும் முக்கிய காரணங்கள் எனத் தெளிவாயிற்று. அவற்றை எதிர்கொள்ளச் செவிலியருக்கும் டாக்டர்களுக்கும் ஒருங்கே அவசரப் பயிற்சிகள் நடத்தப்பெற்றன.

கேரளத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் மரணம் 2004–06 காலத்தில் 95 ஆக இருந்தது. 2018–20 காலத்தில் 19 ஆயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 254 இலிருந்து 97 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்குக் கல்வி, சாலை வசதி, இரத்த வங்கி முதலிய பல காரணங்கள் உண்டு. ஆய்வு ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் தம் கையில் நிகழ்ந்த மரணத்தை மறைக்காமல் எழுதியனுப்பிய டாக்டர்களும் செவிலியரும் பிற தாய்மாரைக் காக்க உதவினர் என்பது உறுதி. அவர்களுடைய பெயர் எந்தச் சான்றிதழிலும் இடம்பெற இயலாது. இரகசியமே அம்முறையின் உயிர்நிலை. ஆகவே உண்மையை எழுதும் பழக்கத்தைக் குழு முழுமைக்கும் உரிய தகுதியாகக் கொண்டு பாராட்டுவதே வழி.

பரிந்துரைக் குறிப்பு எழுதுவோருக்கு

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் ஆறு வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். ஒருவரையோ ஒரு குழுவையோ பரிந்துரை செய்யுமுன் இவற்றிற்கு விடை காணுதல் நலம்.

1. காலம்: அழைப்பு வந்த நேரம், நோயாளியை அடைந்த நேரம், சிகிச்சை தொடங்கிய நேரம் ஆகியவை குறிப்பேட்டில் உள்ளனவா?

2. முறை: செய்ய வேண்டியவை நெறிமுறைப்படி செய்யப்பெற்றனவா? நோயாளி பிழைக்காவிடினும் இதனைக் கேட்க வேண்டும்.

3. ஆயத்தம்: அவசர மருந்துத் தட்டும், பிராணவாயு உருளையும், மின்னதிர்ச்சிக் கருவியும் அன்றாடம் சோதிக்கப்பெறுகின்றனவா? அவற்றைச் சோதிப்பவர் யார்?

4. கூட்டுறவு: உடன் உழைத்தவர் யாவர்? ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், இரத்த வங்கிப் பணியாளர் ஆகியோரின் பங்கு எழுதப்பெற்றதா?

5. கற்பித்தல்: தாம் அறிந்ததைப் பிறருக்குப் பயிற்றுகிறாரா? அவர் விடுப்பில் சென்ற நாளிலும் அப்பிரிவு அதே திறமையுடன் இயங்குகிறதா?

6. உண்மை: தோல்விகளும் குறிப்பேட்டில் உள்ளனவா? அவற்றிலிருந்து எந்த மாறுதல் செய்யப்பெற்றது?

குறிப்பை எழுதும்பொழுது ‘தன்னலமற்ற சேவை புரிந்தார்’, ‘அயராது உழைத்தார்’ என்ற பொதுச் சொற்களைக் குறைத்துக்கொள்க. ‘இரவு 11.20க்கு அழைப்பு, 11.31க்கு வண்டி வந்தது. வழியெல்லாம் மார்பழுத்தல் நிற்கவில்லை’ என்பது போன்ற ஒரு வரி, அடைமொழிகள் நிறைந்த ஒரு பக்கத்தினும் மேலானது. நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் அவரது குடும்பத்தாரின் இசைவின்றி எழுதலாகாது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் நடத்த விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. கெட்டியான தலையணை ஒன்றைத் தரையில் வைத்து, கைகளை மடக்காமல் நேராக நிறுத்தி, நிமிடத்திற்கு 120 முறை அழுத்துமாறு மாணவரைப் பழக்கலாம். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க, மற்றொருவர் எண்ணட்டும். இரண்டு நிமிடத்திற்குள் கை சோர்வதை மாணவர்களே உணர்வர். சோர்ந்தவரின் இடத்தை அடுத்தவர் தாமதமின்றி ஏற்க வேண்டியது ஏன் என்பதும் அப்பொழுதே விளங்கும். விழித்திருக்கும் தோழரின் மார்பின்மேல் பழகலாகாது என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

அதன்பின், ஒரு விபத்து நிகழ்ந்தது முதல் நோயாளி வீடு திரும்பும் வரை எத்தனை பேருடைய கைகள் உதவின என்று பட்டியல் எழுதச் சொல்லலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று, அங்கே பிராணவாயு உருளையைச் சோதிப்பவரைச் சந்திக்கச் செய்தால் பட்டியல் இன்னும் நீளும். அடுத்த விழாவிற்கான பெயர்களை எழுதும் நாள் வரும்பொழுது, அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது பயன் தரும்.